ல இல்லை, ள

ஞாயிறு மூன்று மணி. பொம்மனஹள்ளி,
பேகூர் ரோட்டில் பிளைவுட் கடைக்கு மேல்மாடி.
ஏழு கம்ப்யூட்டர், பதினொரு பெண்கள்.
முதல் நாள் நான் மவுஸை
இஸ்திரிப் பெட்டி மாதிரி அழுத்தித் தேய்த்தேன்.
அம்பு திரையின் மூலைக்கு ஓடி ஒளிந்துகொண்டது.
"மெல்ல அக்கா, அது கசங்கியா இருக்கு?" என்றாள் நவ்யா,
பாதி கன்னடம், பாதி தமிழ்.
டபுள் கிளிக் கைவர எனக்கு இரண்டு ஞாயிறு.

தேடும் பெட்டியில் முதன்முதலாக அடித்தது இது:
ஐயா, வணக்கம். எங்கள் கம்பெனி
பி.எஃப். கட்டவில்லை. நாங்கள் என்ன செய்வது?
இப்படிக்கு, சகாயமேரி, செக்கிங் செக்‌ஷன்.
யாரும் சிரிக்கவில்லை. ஷாயிஸ்தா மட்டும்
"கைநாட்டும் வச்சிடு" என்றாள்.

பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லக்கூடாதாம்.
இங்கேயும் சொல்லமாட்டேன்,
கம்பெனி கேட்டில் பூட்டு தொங்கிய தேதி
அதில் இருக்கிறது என்பதைத் தவிர.

ஐந்தாம் வாரம் பக்கம் எழுதினோம்.
ஒரு குறியைத் திறந்தால் மூட வேண்டும்,
மூடும்போது ஒரு சாய்கோடு.
இது எனக்குத் தெரிந்த வேலை.
பன்னிரண்டு வருஷம் இதைத்தானே பார்த்தேன்,
தையலை ஆரம்பித்தவர்கள்
எங்கே முடிச்சுப் போடாமல் விட்டார்கள் என்று.
ஆனாலும் தடித்த எழுத்தை மூட மறந்தேன்.
அதற்குக் கீழே எல்லாமே தடித்துப்போய்
பக்கம் முழுக்கக் கத்தியது.
நவ்யா திருத்த வந்தாள்.
"கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றேன்.

பெயர்களை அடித்தேன். சேமித்தேன். திறந்தேன்.
பவுலின் இருந்த இடத்தில்
தலையில் தொப்பி போட்ட இங்கிலீஷ் எழுத்துகள்,
சின்னச் சின்னச் சதுரங்கள், கேள்விக்குறிகள்.
மஸ்டர் ரோலிலும் நாங்கள் இப்படித்தான் இருந்திருப்போம்.
உச்சியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னாள்,
எந்த எழுத்தாக வாசிக்க வேண்டும் என்று
மெஷினுக்குச் சொல்லும் வரி.
சேர்த்தேன்.
நாற்பத்து மூன்று பேரும் வந்து நின்றார்கள்.

அன்றிரவே எல்லோருக்கும் முகவரி அனுப்பினேன்.
ஒருத்திக்கும் திறக்கவில்லை.
"உன் பீரோவுக்குள்ள வச்சிட்டு
எங்கள எடுத்துக்கோன்னா எப்படிடி?" என்றாள் பவுலின்.
அடுத்த ஞாயிறுதான் அதை
வேறெங்கோ ராத்திரியும் தூங்காத
ஒரு கம்ப்யூட்டரில் ஏற்றினோம்.

பெயர். எத்தனை வருஷம். கட்டாத மாதம். கடைசிச் சம்பளம்.
கங்கம்மா வரிசையில் மூன்றாவது கட்டம் காலி.
அவளுடைய சீட்டெல்லாம் மழைவெள்ளத்தில் போய்விட்டது.
காலிக் கட்டத்தையும் திறந்து மூடத்தான் வேண்டும்.
விட்டுவிட்டால்
சம்பளம் நகர்ந்து வந்து அங்கே உட்கார்ந்துகொள்ளும்:
கட்டாத மாதம், ஒன்பதாயிரத்து நூறு.
ஒரு தடவை அப்படித்தான் வந்தது.
கணக்குச் சரிதானே என்று கங்கம்மாவே சிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை துமகூரிலிருந்து போன்.
"மேரி, பார்த்தேன். எல்லாம் நல்லாருக்கு.
நான் முத்துவல்லி இல்லடி. முத்துவள்ளி.
ஆபீஸ்லயும் இந்தத் தப்புதான்.
ஆதார்ல ஒண்ணு, அங்க ஒண்ணு,
மூணு மனு எழுதிட்டேன்,
பணம் அசையமாட்டேங்குது."

நான் பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன்.
அரைமணிக்குப் பதினைந்து ரூபாய்.
இருபத்தாறாவது வரிசை. ஒரு எழுத்தை அழித்து
ஒரு எழுத்தை அடித்து ஏற்றினேன்.
"இப்பப் பாரு."
"அதேதான் இருக்கு."
என் திரையில் மாறிவிட்டது.
அவளுடைய போன்
பழையதையே பிடித்துக்கொண்டிருக்கிறது.
"மேல வட்டமா ஒரு அம்பு இருக்கும்,
அதத் தொடு."
"எங்க?"
காதிலிருந்து போனை எடுக்கிறாள்.
பஸ் ஹாரன். யாரோ வெள்ளரிக்காய் விலை சொல்கிறார்கள்.
எனக்கு இன்னும் ஆறு நிமிஷம் இருக்கிறது.